லேலோங் பாக்கியம்

பாக்கியம் அக்கா இறந்துபோன செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. லைன் படுமோசம். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான். என் வீட்டில் தொலைபேசி கிடையாது. காம்பாரில் எங்கள் தெருமுனைக் கடையின் சீன முதலாளி, தவுக்கே, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஓடிப் போய்க் காதில் வைத்தால் ஒரே இரைச்சல். அக்காவின் கணவர் ராமலிங்கம் அண்ணனின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்து வந்து போனது. "போயிட்டா" என்பது மட்டும் கேட்டது.

"எங்கண்ணே போயிட்டாங்க?" என்று கத்தினேன்.

"எங்கேயும் இல்லலா, போயிட்டா!" என்று அவரும் கத்தினார்.

கடையில் முட்டை வாங்க நின்றவர்களுக்கு எனக்கு முன்பே விஷயம் புரிந்துவிட்டது. ஒரு அம்மாள் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கூடவே, தன் சாவுச் செய்தி இப்படிப்பட்ட லைனில் போனது தெரிந்திருந்தால் அக்கா எங்கள் தொலைபேசி நிலையத்துச் சூப்பர்வைசரைச் சும்மா விட்டிருக்க மாட்டார் என்ற நினைப்பும் வந்தது.

ஈப்போ தொலைபேசி நிலையத்தில் எங்களோடு உட்கார்ந்தவர்களுக்காகவும் அவர் குடியிருந்த புந்தோங்கில் அவரை அறிந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்களும் படிக்கலாம். அறியாமல் போனது அவர்கள் குற்றமில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஆப்பரேட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர். அந்த லாரியின் ஹாரன் அக்காவின் தொண்டையில் இறங்கிவிட்டது என்று நாங்கள் சொல்வோம். "பாக்கியம் தைப்பிங்குக்குப் பேச லைன் எதுக்கு, ஜன்னலத் திறந்துவிட்டாப் போதும்" என்பார் சூப்பர்வைசர். என் கதை நேர் எதிர். நான் "எந்த நம்பர் வேண்டும்" என்று கேட்டால் மறுமுனையில் இருப்பவர்கள், "அலோ, அங்க யாரும் இல்லையா?" என்பார்கள்.

அக்கா அடிக்கடி சொல்லும் வாசகங்கள் இரண்டு. தூரத்து ஊருக்குப் பேசுகிறோம் என்று குரலை உயர்த்துபவர்களிடம், "சத்தம் போட்டா தூரம் குறையாது சார்!" என்பார். அதை அவர்களைவிட அதிகச் சத்தத்தில் சொல்வார். இன்னொன்று, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டவா?" வெளியூர் அழைப்புகளில் நாங்கள் எல்லாரும் சொல்ல வேண்டிய வாசகம் அது. நாங்கள் அதை நிலையத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அக்கா விடவில்லை. ஒரு கல்யாணத்தில் வாழ்த்திப் பேச வந்தவர் மணமக்களை மறந்துவிட்டுத் தன் வாழ்க்கைக் கதைக்குள் இறங்கினார். மூன்றாவது வரிசையிலிருந்து அக்காவின் குரல் எழுந்தது. பேசியவர் அந்த வாக்கியத்தைக்கூட முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டார்.

படங்கள் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு மத்தியான வேளையில். நானும் அவரும் வேலை முடிந்து பசார் பக்கம் கடைகளின் முன்னால் போகும் நடைபாதையில், காக்கி லீமாவில், நடந்துகொண்டிருந்தோம். தூணோரம் ஒரு மெலிந்த ஆள் தரையில் படங்களை விரித்து உட்கார்ந்திருந்தார். முத்தையா என்று பெயர். காம்பார் அருகே அவர் இருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது புந்தோங்குக்குக் குடிவந்தவர். லாரிக் கதவுகளில் பெயர் எழுதுவது, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குச் சட்டையில் நம்பர் அடிப்பது என்று பிழைத்தார். மரச்சட்டத்தில் பட்டுத் துணியை இழுத்துக் கட்டி, மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தால் கீழே தாளில் படம் விழும் அல்லவா, அந்த சில்க் ஸ்கிரீன் வேலை. நம்பர் அடித்து மிஞ்சிய மையில் அவர் ஆட்களை அடிக்க ஆரம்பித்தார். அடித்ததில் சிலவற்றைச் சுவரில் ஒட்டுவார். மீதியைத் தரையில் விரிப்பார்.

அக்கா நின்ற இடத்தில் கிடந்த படத்தில் ஒரு பெண் பொதுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் ரிசீவர், மறு காதில் விரல். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "தேவி, இத்தனை வருஷமா நாம குரலத்தானே கேட்டோம். மூஞ்சி இப்படித்தான் இருந்திருக்கு பாரு" என்றார். பிறகு முத்தையாவிடம், "இவங்க யாருகிட்டப் பேசுறாங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா. அந்தப் பக்கம் யாரும் எடுக்கல போலருக்கு."

அன்று அந்தப் படத்தை வாங்கினார். மற்றவற்றை மாதக் கடைசியில் வந்து வாங்குவதாகச் சொன்னார். மாதக் கடைசியில் போனபோது தூண் மட்டும்தான் இருந்தது.

முத்தையாவிடம் லைசென்ஸ் இல்லை. கேட்கப் போன கதையைப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். என்ன விற்கிறாய் என்று நகராட்சிக் கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். படம் என்றாராம். சாமிப் படமா? இல்லை. சினிமாப் படமா? இல்லை. அப்புறம் என்ன படம்? "ஆளுங்க படம்" என்றாராம். எந்த ஆளுங்க என்ற கேள்விக்கு முத்தையா விளக்கம் சொல்லத் தொடங்க, பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்க, அத்தோடு திரும்பிவிட்டார். லைசென்ஸ் இல்லாத வியாபாரிகளைச் சுற்றி வளைக்கும் லாரி ஒருநாள் வந்தது. வண்டிகளோடும் குடைகளோடும் படங்களையும் அள்ளிக்கொண்டு போனது. அபராதம் கட்டி மீட்காத சாமான்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு நம் ஊரில் லேலோங் என்றுதானே பெயர்.

"அப்ப லேலோங்குக்குப் போலாம்" என்றார் அக்கா.

நகராட்சியின் வெட்டவெளி முற்றத்தில் தள்ளுவண்டிகள், அடுப்புகள், தராசுகள், குடைகள் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. ஏலம் விட்ட மலாய்க்கார அதிகாரி நல்ல மனிதர். வெயில்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முத்தையாவின் படக்கட்டு ஐஸைச் சீவித் தரும் ஒரு ஐஸ் கச்சாங் இயந்திரத்தின் அடியில் இருந்தது, இயந்திரம் ஆடாமலிருக்க முட்டுக் கொடுக்கப்பட்டு. படம் மட்டும் போதும் என்று அக்கா கேட்டுப் பார்த்தார். குவியல் என்றால் குவியல்தான், பிரிக்க முடியாது என்றார் அதிகாரி.

போட்டிக்கு ஏலம் கேட்கும் எதிர்க் கையாக ஒருவர் நின்றார். புந்தோங்கில் கச்சான் பூத்தே விற்கும் சுப்பையா அண்ணன். கடலையும் முறுக்கும் பட்டாணியும் கொட்டிய தட்டுகளோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பாரே, அவர்தான்.

"ஒங்களுக்கு எதுக்கண்ணே ஐஸ் மெஷினு?" என்று அக்கா கேட்டார்.

"மெஷினு யாருக்கு வேணும்? தாள் நல்ல தாள்க்கா. சுருள் சுத்துனா எண்ணெய் இறங்காது."

"அது படம்ணே!"

"படமா இருந்தா என்னா, கடல வேணாங்குதா?"

ஏலம் தொடங்கியது. அக்கா கையைத் தூக்கும்போது தொண்டையையும் திறந்தார். முதல் கேள்விக்கே மரத்திலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன. சுப்பையா அண்ணன் கொஞ்சம் கூட்டினார். அக்கா இன்னும் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் அதிகாரி சுப்பையா அண்ணனைப் பார்த்து, போதும் விட்டுவிடுங்கள் என்பதுபோலக் கண்ணால் கெஞ்சினார். குவியல் எங்களுடையதானது.

சின்ன லாரி ஒன்றைப் பிடித்துப் புந்தோங்குக்குக் கொண்டுபோனோம். ராமலிங்கம் அண்ணன் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தார்.

"என்னா இது?"

"படம்."

"படத்துக்கு ஏன் கைப்பிடி இருக்கு?"

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அதைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்துவிட்டார். தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அன்று ஐஸ். இரண்டு வாரம் கழித்து ஒரு சீனப் பெரியவர் வந்து வாசலில் நின்றார். இயந்திரத்தின் சக்கரத்தைத் தடவினார். அவருடையதுதான் என்று அந்தத் தடவலிலேயே தெரிந்தது. "தூக்கிக் குடுங்க" என்றார் அக்கா. அண்ணன் கொண்டுபோய் அவர் வண்டியிலேயே பூட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் இதுதான் நடந்தது. முத்தையா படம் அடிப்பார், மாட்டிக்கொள்வார், படம் லேலோங்குக்கு வரும், அக்கா எடுப்பார். ஒருபோதும் படம் தனியாக வந்ததில்லை. கிளிக்கூண்டோடு வந்தது. குடைக் கட்டோடு வந்தது. ஒருமுறை ஒரு மூட்டைச் செருப்போடு வந்தது. வீட்டில் கொட்டிப் பார்த்தால் அத்தனையும் இடது கால். கடைக்காரர்கள் ஒற்றைக் காலைத்தான் பார்வைக்கு வைப்பார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஈப்போவில் எங்கேயோ ஒருவர் வீடு நிறைய வலது கால் செருப்புகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. விசாரித்துக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். இரண்டு மூட்டைகளையும் தரையில் கொட்டி எல்லாருமாக உட்கார்ந்து ஜோடி சேர்த்தோம். அவர் போனதும் அண்ணன் அக்காவைக் கும்பிட்டு, "சாமி சத்தியமா இனி லேலோங்குக்குப் போவமாட்டேன்னு சொல்லு" என்றார். அக்காவும் சொன்னார். அண்ணன் காது இன்ஜின் சத்தத்தில் கொஞ்சம் மந்தம். அக்கா வாய்க்குள் என்ன சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் கேட்டது.

அக்காவுக்கு ஷிப்ட் மாற்றம் கிடைக்காத ஒரு லேலோங்கில் சுப்பையா அண்ணன் ஒரு படக்கட்டை எடுத்துவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் கச்சான் பூத்தே வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகு சுருளிலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. அப்படியே ஓடிப்போய் அக்காவிடம் கொடுத்தேன். அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"சுருள் மட்டும் தர முடியாதுக்கா" என்றார் சுப்பையா அண்ணன். "கடலையோடதான். நான் கடல வியாபாரி, தாள் வியாபாரி இல்ல."

குவியலைப் பிரிக்காத அதிகாரியும் அப்படி, இவரும் அப்படி. அக்கா அத்தனை சுருளையும் கடலையோடு வாங்கினார். ஒரு வாரம் தொலைபேசி நிலையம் முழுவதும் கடலை கொறித்தது. லைனில் ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்கிறது என்று கோலக்கங்சாரிலிருந்து ஒருவர் புகார் சொல்ல, டெக்னீஷியன் வந்து கம்பி கம்பியாகச் சோதித்துவிட்டு, நாங்கள் நீட்டிய பட்டாணியை வாங்கித் தின்றுகொண்டே கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். சுருள்களைப் பிரித்து, துடைத்து, ஒட்டிப் பார்த்தோம். தோட்டத்தில் விடிகாலை ஆள் எடுக்கும் காட்சி, பெரட்டு. வரிசையாகப் பால்வெட்டுக்காரர்கள், முன்னால் அவர்களை வேலை வாங்கும் மண்டோர். மண்டோரின் தலை மட்டும் கிடைக்கவே இல்லை. கோப்பெங் பஸ்ஸில் ஏறிய யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

"தோட்டத்துல நின்னப்பவும் அவனுக்கு அப்படித்தான்" என்றார் அக்கா.

முத்தையா வீட்டுக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். அன்று நானும் அங்கே இருந்தேன். தன் படங்களை எல்லாம் ஒரு பெண்மணி லேலோங்கில் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். துணி விரித்து, பூச்சி உருண்டை போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் மெல்லிய தாள் வைத்து அடுக்கியிருந்தார். முத்தையா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலரும் என்று எதிர்பார்த்தோம்.

"இவங்க எல்லாம் கட்டிலுக்கு அடியில என்னாக்கா செய்யிறாங்க?" என்று கேட்டார்.

"பத்திரமா இருக்காங்க."

"தோட்டத்து லயத்து வீட்டுல ரெண்டு தலைமொறையா பத்திரமா அடஞ்சு கெடந்தவங்கலா. நான் ரோட்டுக்குக் கொண்டாந்தேன். நாலு பேரு பாக்கட்டும்னுதான் சொவத்துல ஒட்டுறேன், தரையில விரிக்கிறேன். நீங்க மறுபடி உள்ள வச்சுப் பூட்டிட்டீங்க."

அவர் அதோடு நிறுத்தவில்லை. லேலோங்குக்குக் கொண்டு போகிறவர்களாவது ஒரு தடவை புரட்டிப் பார்த்துச் சிரித்தார்கள் என்றார். கடலைக்காரராவது ஊர் முழுக்கக் கொண்டுபோனார் என்றார். மூன்று நிமிடம் தாண்டி வெகுநேரம் பேசினார். அக்கா அவரை நிறுத்தவில்லை. தலையைக் குனிந்து பெட்டியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முத்தையா காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

இரண்டு நாள் அக்கா நிலையத்தில் வாசகத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் என் பக்கம் திரும்பி, "அவன் சொன்னது சரிதான். ஆனா சொவத்துல ஒட்டுனா மழையில போயிடும். என்னா செய்யலாம்?" என்றார். பதிலையும் அவரே வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து படங்களை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனார். "இரவல்தான். சொந்தமில்ல. நல்லாத் தெரியுற எடத்துல மாட்டணும். மாசம் ஒருக்கா மாத்துவேன்."

மழைப் படம் காதர் பாய் சாப்பாட்டுக் கடைக்குப் போனது. தகரக் கூரைகள்மேல் பழுப்பு நிறத்தில் மழை கொட்டும் படம். ஆளே இல்லாத படமாக வேண்டும் என்று காதர் பாய் கேட்டு வாங்கினார். அடுத்த ஞாயிறு போனால், இது நம்ம கடை மீன் கறி கொதிக்கிற படம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சண்டைக்குப் போனார். "அக்கா, மழைனு சொன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டேங்குறாங்க. கறினு சொன்னா உத்துப் பாக்குறாங்க. பாக்கறதுதானே முக்கியம்?" என்றார் காதர் பாய். அக்கா யோசித்துவிட்டு ஒரு தட்டு மீன் கறி கொண்டுவரச் சொன்னார்.

முடிவெட்டும் கடையில் சினிமாக் கியூ படத்தை மாட்டினோம். வெட்டிக்கொள்கிறவர்கள் கூட்டத்தில் தெரிந்த முகம் தேடித் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைக்காரர் பத்து நாளில் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "படம் நல்லாத்தான் இருக்குக்கா. காதுதான் போவுது."

முத்தையா ஒருநாள் காதர் பாய் கடைக்கு வந்து, தன் மழைக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டாராம். "என்னா சொன்னாரு? கண்ணு கலங்குச்சா?" என்று அக்கா ஆவலோடு கேட்டார். "ரொட்டி நல்லா இருக்குன்னாரு" என்றார் காதர் பாய்.

எண்பதுகளில் ஒரு பெரிய வளைப்பு நடந்தது. அந்த முறை படங்களோடு முத்தையாவின் மரச்சட்டங்களும் போய்விட்டன. காக்கி லீமாவிலேயே வைத்து அடித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். படம் போனால் மறுபடி அடிக்கலாம். சட்டம் போனால் கையே போன மாதிரி. பட்டுத் துணி, ரப்பர் பட்டை, இத்தனை வருடம் அவர் வெட்டிவைத்த உருவங்கள் எல்லாம் அதில்தான். அபராதம் கட்ட அவரிடம் வழியில்லை. யாரிடமும் கேட்கிற ஆளும் இல்லை. மறுபடி லாரிக் கதவில் பெயர் எழுதப் போய்விட்டார்.

அக்கா ஒரு திட்டம் போட்டார். லேலோங்குக்கு வழக்கமாக வருகிறவர்களை எல்லாம் பார்த்தார். சுப்பையா அண்ணன், செருப்புக்காரர், குடைக்காரர், ஐஸ் கச்சாங் பெரியவர். "சட்டத்துக்கு யாரும் கேக்கக் கூடாது. வாயவே தொறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினார். எதிர்க் கை இல்லாவிட்டால் முதல் கேள்வியிலேயே முடிந்துவிடும். ராமலிங்கம் அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. செருப்புச் சத்தியம் இருக்கிறதல்லவா.

ஏலத்துக்கு முந்தின நாள் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு வாரம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில், அப்போது ஈப்போவில் இருந்த என் வீட்டு வாசலில் கழுத்தில் துண்டோடு நின்று, என்னைக் காட்டி, வாயைக் காட்டினார். "அக்கா, நானா?" என்றேன். அதுவே அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

முற்றத்தில் அன்று நல்ல கூட்டம். பின்பக்கம் தள்ளுவண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். சட்டங்களின் குவியல் வந்தது. அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். நான் கையைத் தூக்கி ஏதோ சொன்னேன். அதிகாரிக்குக் கேட்கவில்லை. அக்கா மறுபடி கிள்ளினார், இந்த முறை நகத்தால். கத்தினேன். வலியில்தான் கத்தினேன், ஏலக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்.

முடிந்தது என்று நினைத்த நேரத்தில் வண்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குடை உயர்ந்தது. ஆள் தெரியவில்லை. மடக்கிய கறுப்புக் குடை மட்டும் மேலே வந்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு இறங்கியது. அதிகாரி விலையைக் கூட்டினார்.

அக்கா கிள்ளினார். நான் கத்தினேன். குடை எழுந்தது. மறுபடி கிள்ளல், மறுபடி கத்தல், மறுபடி குடை. பக்கத்தில் சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார், புருவத்தை ஏற்றினார், உதட்டைக் கடித்தார். போட்டிக்கு வரத் துடிக்கிறார் என்று நினைத்து அக்கா அவரையும் ஒரு கிள்ளு கிள்ளினார். செருப்புக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குள் என்ன நடந்ததென்று சொல்லத் தெரியவில்லை. முத்தையாவின் பிழைப்பு ஒரு குடைக்குப் பின்னால் போய்விடும்போல இருந்தது. அக்கா கிள்ளுவதற்கு முன்பே நான் கத்த ஆரம்பித்தேன். "இன்னும்! இன்னும்! அவரு எவ்வளவு சொன்னாலும் அதுக்கு மேல!" என்று தமிழிலும் மலாயிலும் கத்தினேன். முற்றமே திரும்பிப் பார்த்தது. குடை பாதி எழுந்து, தயங்கி, கீழே இறங்கிவிட்டது.

அதிகாரி மூன்று முறை தட்டி முடித்த பிறகுதான் சுப்பையா அண்ணன் வாயைத் திறந்தார். "அக்கா, அது நம்ம அண்ணன்லா!"

வண்டிகளுக்குப் பின்னாலிருந்து குடையும் கையுமாக ராமலிங்கம் அண்ணன் வெளியே வந்தார். முத்தையாவின் சட்டங்களை எடுத்து அக்காவிடம் கொடுத்து அசத்தலாம் என்று, ஒர்க்‌ஷாப்பில் லீவு போட்டு, ஒளிந்து நின்றிருக்கிறார். அக்கா வந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடுமே, குரல் கேட்கவில்லை, அதனால் அக்கா வரவில்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

"எவளோ பணக்காரப் பைத்தியம்னு நெனச்சேன்" என்றார். "தேவி, ஒனக்கு இம்புட்டுச் சத்தம் எங்கேருந்துலா வந்துச்சு?"

அக்கா அவரை அடிக்கக் கை ஓங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். தொண்டையில் சத்தமே இல்லை. தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வழிய, வாயைத் திறந்து ஓசையே இல்லாமல் சிரித்தார். வெயிலில் வாடிய அதிகாரியும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

சட்டங்களை அன்றைக்கே முத்தையா வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். அவர் அவற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பட்டுத் துணியில் கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், "அக்காவுக்கு என்னா படம் வேணும்?" என்று கேட்டார். அக்கா அவர் காதருகே குனிந்து மிஞ்சியிருந்த குரலில் சொன்னார். "எனக்கு வேணாம். சொவத்துல ஒட்டு. நான் நடந்துபோயிப் பாத்துக்கறேன்."

லைசென்ஸ் சிக்கலைச் செருப்புக்காரர் தீர்த்துவைத்தார். முத்தையா அதற்குப் பிறகு கைக்குட்டை வியாபாரி. துணியில் அடித்தால் அது படமில்லையாம், கைக்குட்டையாம், அதற்கு லைசென்ஸ் உண்டாம். ஈப்போவில் பலர் பெரட்டு வரிசையில் மூக்கைத் துடைத்திருக்கிறார்கள்.

அக்கா வேலையை விட்டபின் அதிக நாள் இருக்கவில்லை. நெஞ்சு வலி என்று சொன்னவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. நான் புந்தோங் போய்ச் சேர்ந்தபோது மாலை போட ஒரு போட்டோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஆல்பம் முழுக்கப் புரட்டியும் அக்கா வாய் மூடியிருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில்கூடப் புகைப்படக்காரருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்டூடியோவில் கொடுத்தால் வாயை மூடித் தருவார்கள் என்றார் ஒரு உறவினர். ராமலிங்கம் அண்ணன் எழுந்துவந்து படத்தை வாங்கிக்கொண்டார். "இத்தன வருஷத்துல நானே மூடல. அவங்க யாரு மூட?" வாய் திறந்த படத்துக்கே மாலை போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் அழுதார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது அண்ணன் பெட்டியை இழுத்து வைத்து, வெளியே இரவலாகப் போனவை போக மிச்சம் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு எதைக் கொடுப்பது என்று அவருக்குப் புரியவில்லை. பழைய நானாக இருந்தால் தந்ததை வாங்கிக்கொண்டு போயிருப்பேன், தராவிட்டால் சும்மா போயிருப்பேன். "அண்ணே, எனக்கு அந்த லாரிப் படம் வேணும்" என்றேன். தோட்டத்துப் பெண்கள் முக்காட்டோடு லாரியில் நின்றுகொண்டு டவுன் ஃபேக்டரிக்குப் போகிற படம். அண்ணன் தலையசைத்து, சட்டம் போட்டிருந்ததைக் கோணிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

காம்பார் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர், இவ்வளவு பெரிய சாமானை ஏற்ற முடியாது என்று மறித்தார். ஏற்றத்தான் வேண்டும் என்று நான் சொன்னதில் டிரைவரே இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் வழிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "அப்படி என்னாம்மா படம்?" என்றார். சாக்கைப் பிரித்துக் காட்டினேன். பின்சீட்டில் இருந்தவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த அம்மாள் லாரியின் ஓரத்தில் நின்ற பெண்மேல் விரலை வைத்து, "இது எங்க நாத்தனா மாதிரியே இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாதிரி என்னா, அவதான்" என்றார். பஸ் கோப்பெங் தாண்டும்வரை அந்த நாத்தனாரின் கதையைச் சொன்னார். நான் நிறுத்தவில்லை.

படம் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் தெருவைப் பார்த்து மாட்டியிருக்கிறது. கதவைத் திறந்துதான் வைக்கிறேன். பாக்கியம் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு: அந்தப் படம், இந்தக் குரல். படத்தை யாராவது இரவல் கேட்டால் கொடுப்பேன். குரலை வைத்துக்கொள்கிறேன்.